பதினைந்து பெட்டி தூரம்

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, கரிசல் காட்டு ஓரத்தில், தீப்பெட்டி ஆபீசை நம்பிப் பிழைக்கிற வெயிலுகந்தம்மன் கோயில் தெருவில், ஒரு தீபாவளிக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு, நெருப்பு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியூர் போய்விட்டது. முந்தின நாள் முழுக்கச் சரவெடியும் அணுகுண்டும் புஸ்வாணமுமாக அதை உட்காரவிடாமல் வேலை வாங்கியிருந்ததால், பால் காய்ச்ச அடுப்பைத் திருகிய பெண்கள், உரசிய குச்சி வெறும் குச்சியாகவே இருந்ததைப் பார்த்துப் பெரிதாகத் திகைக்கவில்லை. ஐம்பது வருஷமாக லீவே எடுக்காத ஆள் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் என்ன சொல்வோமோ அதைத்தான் அவர்களும் சொன்னார்கள். உடம்புக்கு முடியலையோ என்னவோ, நாளைக்கு வந்துரும்.

அந்தத் தெருவில் முதலில் சுதாரித்தவள் செண்பகவல்லி. தீப்பெட்டி ஆபீசில் இருபத்தைந்து வருஷமாகக் குச்சி அடைக்கிறவள். பார்க்காமல் ஒரு பிடி எடுத்தால் ஐம்பது குச்சி, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. எண்ணிப் பார்க்கிறேன் என்று வந்த மேஸ்திரிகள்தான் வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கிறார்கள். குச்சி பற்றாவிட்டால் போகட்டும், திருகி வைத்த கேஸ் என்ன ஆகும் என்று அவளுக்குத்தான் தோன்றியது. ஈரக்கையோடு ஓடி, முப்பத்தெட்டு வீட்டிலும் ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்துவிட்டு வந்தாள்.

"போனது எப்பத் திரும்பி வரும்னு யாருக்குத் தெரியும்? வாரப்ப வீடு பூரா கேஸ் நிறைஞ்சு கெடந்தா, வந்த வேகத்துல நம்மளையும் கூட்டிக்கிட்டுப் போயிரும். மூடுங்க தாயி."

நாளைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. தெருவின் இந்த முனைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அந்த முனைக் கோயில் வேம்பு வரைக்கும் எதுவும் பற்றவில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம் ஓரடி தள்ளி உரசினால் அதே குச்சி ஜம்மென்று எரிந்தது. அங்கே போய்ச் சமைக்கலாமென்றால் ஒருபக்கம் தீப்பெட்டி ஆபீஸ் கிடங்கு, இன்னொருபக்கம் பஸ் போகிற ரோடு. ரோட்டிலிருந்து பீடியோடு தெருவுக்குள் நுழைகிறவர்களின் பீடி தொட்டியடியில் தானாக அணைந்தது, இதில் பெண்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெயிலுகந்தம்மன் கோயில் பூசாரி, கடற்கரை என்று பேர், கற்பூரத்தட்டில் ஒரு சின்ன பேட்டரி விளக்கை வைத்துச் சுற்றினார், சனங்கள் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். திருக்கார்த்திகை அன்றைக்கு எல்லா வாசலிலும் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட அகல்கள் எரியாமல் வரிசையாக இருந்தன, நிலா வெளிச்சத்தில் அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள், காரணம் கேட்டார்கள். காரணம் தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள், டீ சாப்பிடுங்கள் என்று சொல்லித் தெருச்சனம் அனுப்பிவிட்டது.

அந்த டீ செண்பகவல்லி வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் போட்டது. இருபத்தைந்து வருஷ வேலைக்காக ஆபீசில் கொடுத்த தீபாவளிப் பரிசு அது. நெருப்பு போன காலையில் அது பெட்டி பிரிக்காமல் பரண்மேல் கிடந்தது, அதற்குக் காரணம் அவள் புருஷன்.

அய்யாதுரை கல்யாணச் சமையல்காரர், மாஸ்டர் என்றால் நாலு தாலுகாவில் தெரியும். நெருப்பின் முகத்தைப் பார்த்தே பருப்பின் பதம் சொல்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து வீட்டிலும் அவர் சமையல்தான். ஏழு மணி வேனுக்கு ஓடுகிற செண்பகவல்லி இருபத்துநாலு வருஷத்தில் வெந்நீர் வைத்ததுகூட இல்லை. போன சித்திரையில் ஒரு கல்யாணப் பந்தலில், சாம்பார் அண்டாவுக்கு முன்னால், மாஸ்டர் அப்படியே சரிந்தார். மதுரையில் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். இனிமேல் அண்டாவும் கிடையாது, பந்தலும் கிடையாது, வீட்டு அடுப்பு மட்டும் போதும் என்றார் டாக்டர். புது அடுப்பைப் பற்றியும் செண்பகவல்லி போனிலேயே கேட்டுவிட்டாள். அது காந்தத்தில் சுடுகிற அடுப்பு, பேஸ்மேக்கருக்குக் காந்தம் ஆகாது, அது ஓடும்போது இவர் இரண்டடி தள்ளியே இருக்க வேண்டும், அதன்மேல் குனியவே கூடாது என்று பதில் வந்தது. அப்படியே பரணுக்குப் போனது அது.

இப்போது நெருப்பு போய்விட்டது. மிச்சமிருந்த ஒரே அடுப்பையும் மாஸ்டர் தொட முடியாது. அவர் சுவரோரம் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்ததைச் செண்பகவல்லி பார்த்தாள். மனுஷனை உயிரோடும் வைத்துக்கொள்ள வேண்டும், சமையல்காரராகவும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று எடுத்தால் அது பாதி ஆள்தான். அவள் முழு ஆளையும் கேட்டாள்.

பெட்டியைப் பிரித்து, அடுப்பைத் தண்ணீர்க் குழாய்க்கு எட்டாத மேசைமேல் சமமாக வைத்து, காற்றுப் போகச் சுவரிலிருந்து ஒரு சாண் விட்டாள். பிறகு மேசை விளிம்பிலிருந்து தரையில் தீப்பெட்டிகளை நீளவாக்கில் அடுக்கினாள். பன்னிரண்டு பெட்டி வைத்தால் இரண்டடி. அவள் பதினைந்து வைத்தாள்.

"டாக்டர் ரெண்டடிதான சொன்னாரு" என்றார் அய்யாதுரை.

"டாக்டர் சொன்னது பன்னெண்டு. மிச்சம் மூணு என் திருப்திக்கு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நீங்கதான சொல்லுவீக? உங்க முக்காலி இந்தப் பதினஞ்சுக்கு அங்கிட்டுத்தான். வாய் அங்கன இருக்கட்டும், கை இங்கன இருக்கும்."

"யாரு கை?"

"என் கைதான். வேற யாருது?"

அவர் சிரித்துவிட்டார். நெருப்பு போன பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட ஊரில் இப்போது அடுப்பே படிக்கச் சொன்னது. செண்பகவல்லி அடுப்போடு வந்த சின்னப் புத்தகத்தின் தமிழ்ப் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள், அவள் படித்ததைத் தெரு கேட்டது, கேட்ட தெரு ஒவ்வொன்றாக அடுப்பு வாங்கியது. பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்று, நூலில் கட்டி, வீடு வீடாகப் போயிற்று. அய்யாதுரை இருக்கிற வீட்டுக்கு மட்டும் அது வரக் கூடாது என்று கட்டளை, அவர் பாத்திரங்கள்தான் தெருவுக்கு வந்து சோதனைக்கு நின்றன. காந்தம் ஒட்டிய பாத்திரம்தான் இந்த அடுப்பில் சூடாகும், அது தேறியது. தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைப் பானைகளும் அலுமினியச் சட்டிகளும் குண்டி உருண்ட உருளிகளும் தேறவில்லை. பேர் வெட்டின பாத்திரமாச்சே என்று இரண்டொருவர் அழுதார்கள், பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் காந்தம் ஒட்டுகிற தட்டையான எவர்சில்வர் சட்டி வாங்கப் போனார்கள். தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளை, இரும்பாச்சே, சூடேறினாலும் ஏறும், எதற்கும் இருக்கட்டும் என்று, சமையலறை நிலையில் ஓர் ஆணியடித்து அதில் மாட்டிவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போனார்கள். எல்லா வீடும் ஒரே நேரத்தில் போட்டால் டிரான்ஸ்பார்மர் தாங்காது என்று வயர்மேன் கையெடுத்துக் கும்பிட்டதால், காலையில் கோயில் மைக்கில் முறை சொல்லப்பட்டது. தெக்கு வரிசைக்கு இப்போது சாதம், வடக்கு வரிசைக்கு அரைமணி கழித்துக் குழம்பு. இரண்டு வாரத்தில் தெருவுக்கு அதுவே நேரம் பார்க்கிற கடிகாரமாகிவிட்டது.

எதிர்வீட்டு ஆவுடைத்தங்கம்தான் கொஞ்சம் படுத்தினாள். புது அடுப்பு வந்த முதல் வெள்ளிக்கிழமை, கேஸ் அடுப்புக்குச் செய்கிற மாதிரியே அதற்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அழகாக இருக்கட்டும் என்று சுற்றிலும் ஒரு பட்டுத்துணியைப் பாவாடையாகக் கட்டிவிட்டாள். அடியிலிருந்த விசிறிக்கு மூச்சு முட்டியது. பத்து நிமிஷத்தில் அடுப்பு கத்திவிட்டு நின்றது. அம்மனுக்குக் கோபம் என்று அவள் நடுங்கியபோது செண்பகவல்லி துணியை அவிழ்த்தாள்.

"அம்மனுக்கு என்ன கோபம்? உங்களை இப்படி மூக்கைச் சுத்திப் பட்டு கட்டினா நீங்க கத்த மாட்டீகளா மயினி?"

அடுத்த வாரம் அதே ஆவுடைத்தங்கம், குழம்பு இறக்கிய கையோடு சுவர்ச் சுவிட்சைத் தட்டி அணைத்து, சுடச்சுட இருந்த கண்ணாடியில் பச்சைத்தண்ணீரை ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தாள். கண்ணாடியில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. அதன்மேல் டேப் ஒட்டிக் கோலப்பொடியால் மறைத்து மறுபடி சட்டி வைக்கப்போனவளை, செண்பகவல்லி கையைப் பிடித்து நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"கீறல் விட்டா அது அடுப்பில்ல மயினி. உள்ள தண்ணி எறங்குச்சுன்னா கரண்டுப் பொட்டி. கண்ணாடி மாத்துற வரைக்கும் என் வீட்டுல வந்து பொங்குங்க."

"சட்டிதான சுடும், அடுப்பு சுடாதுன்னாகளே?"

"சட்டியோட சூடு அடுப்புக்கு வராதா? எறக்கினப்புறம் விசிறி ஓடுதுல்ல, அது ஓடி நிக்கிற வரைக்கும் சுவிட்சத் தொடக் கூடாது. நின்னு ஆறினப்புறம் நனைச்சுப் பிழிஞ்ச துணியால தொடைச்சா போதும். பதறாத காரியம் சிதறாது."

அன்றிலிருந்து தெருவில் ஒரு வழக்கம் வந்தது. சட்டியை இறக்கியதும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். விசிறி நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பல வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் ஒழுங்காகப் பேசிக்கொண்டதே அந்த இரண்டு நிமிஷத்தில்தான்.

செண்பகவல்லி வீட்டில் சமையல் முழுக்கவே பேச்சாக நடந்தது. முக்காலியில் உட்கார்ந்து அய்யாதுரை சத்தம் கேட்பார், வாசம் பிடிப்பார், சொல்வார், அவள் செய்வாள். கடுகு வெடிக்குது, எண்ணூறு வாட்ஸ்ல இருந்து நானூறுக்கு எறக்கு. கரண்டியை மேசைல வையி, அடுப்பு மேல வைக்காத. அவள் கை வேகம் பழகப் பழக அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. ஆனால் மார்கழி பாதியில் ஒரு காலை, தரையில் பெட்டிகள் பதினாலுதான் இருந்தன. நாலு நாள் கழித்துப் பதின்மூன்று. முக்காலியும் அதற்கேற்ப முன்னால் நகர்ந்திருந்தது.

"ரெண்டு பெட்டியக் காணும்" என்றாள்.

"எலி தூக்கிருக்கும்."

"தீக்குச்சி திங்கிற எலி நம்ம வீட்டுலதான் இருக்கு" என்று சொல்லிப் புதுப் பெட்டிகள் இரண்டை வைத்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், உள்ளுக்குள் பயந்துபோயிருந்தாள்.

தை நெருங்கியது. ஒன்றாம் தேதி காலையில் கோயில் வாசலில் தெருவுக்கெல்லாம் பொதுவாக ஒரு பொங்கல் வைப்பது வழக்கம், பதினெட்டு வருஷமாக அதை வைப்பவர் மாஸ்டர். கோயில் பானை வெண்கலம்; அதைப் புது அடுப்பு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அம்மனுக்கு எவர்சில்வரா என்று பூசாரி கடற்கரை தயங்கினார். பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப்பூ வந்தது, அம்மன் சம்மதித்துவிட்டாள். அம்மன் எப்போதுமே பூசாரியைவிடச் சுலபமான ஆள்தான்.

"எவர்சில்வர் சரி" என்றார் கடற்கரை. "ஆனா பொங்கி வழியணும். கிழக்க பாத்து வழியணும். வழியலன்னா அது பொங்கலில்ல, கஞ்சி."

அங்கேதான் சிக்கல். நெருப்பின்மேல் பால் வழிந்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த அடுப்பின்மேல் வழிந்தால் பொத்தான்களில் பால் இறங்கி, அது கீகீயென்று கத்தி, அணைந்து, உள்ளேயும் ஈரம் போய்விடும். நடுப்பொங்கலில் அடுப்பு அணைந்தால் சனங்கள் வருஷம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். யோசித்துச் சொன்னவர் அய்யாதுரைதான்.

"பால் எந்திரிக்கிற நேரத்துல பானையத் தூக்கிப் பக்கத்துல இருக்கிற தாம்பாளத்துக்குக் கொண்டு போயிரணும். கிழக்க சாய்க்கணும். அதுல வழியட்டும். தூக்கின உடனே அடுப்பு தானா நின்னுக்கும். ஆனா அரைக்கண்ணு மூடுற நேரம் முந்தினா பொங்காது, அரைக்கண்ணு பிந்தினா அடுப்புல ஊத்திரும். பால் பொங்குறதுக்கு முன்னால ஒரு நொடி பேச்ச நிறுத்தும். அது என் காதுக்குத் தெரியும். நான் தூக்குதேன்."

"நீங்க சொல்லுங்க. நான் தூக்குதேன்."

"சொல்லி நீ கேட்டுத் தூக்குறதுக்குள்ள ஊத்திரும்டி."

ஒரு வாரம் தினம் ஒரு தடவை பழகினார்கள். அவர் "இப்ப" என்பார், அவள் தூக்குவாள், ஒவ்வொரு தடவையும் அரைக்கண்ணு பிந்தி அடுப்பில் பால் ஊற்றியது. ஏழு நாளும் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, துடைத்துக் காயவைத்தாள். என் மூஞ்சியப் பாக்காத, பானையப் பாரு என்று அவர் கத்தினார். பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் தரையில் பதினொரு பெட்டிதான் இருந்தன.

செண்பகவல்லி அதை எண்ணிவிட்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"பன்னெண்டுக்குக் கீழ வந்துட்டீக" என்றாள். "இனிமே இது விளையாட்டில்ல. பொங்கல் ஊத்தினா ஊத்திட்டுப் போகட்டும். சித்திரையில உங்களத் தூக்கிக்கிட்டு மதுரைக்குப் போனப்ப வேன்ல என் மடியிலதான் உங்க தல இருந்துச்சு. இன்னொருக்க என்னால அப்படிப் போக முடியாது."

"பதினெட்டு வருஷம் நான் வெச்ச பொங்கல்டி" என்றார். "நான் சும்மா முக்காலியில ஒக்காந்திருந்தா, நான் யாரு?"

அவள் எழுந்தாள். நாலு பெட்டியை எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை, கோயில் வாசல் பந்தலில், நன்றாகக் காய்ந்த மேசைமேல் அடுப்பு இருந்தது. வயர்மேன் கோயில் சுவரில் அதற்கென்று தனியாகப் போட்ட பிளக்கிலிருந்து கரண்டு வந்தது. மேசை விளிம்பிலிருந்து பதினைந்து பெட்டி, அதற்கு அப்பால் மாஸ்டரின் முக்காலி. செண்பகவல்லி ஊக்குகளைக் கழற்றி ஆவுடைத்தங்கத்திடம் கொடுத்து, கையை ஈரம் போகத் துடைத்து, பானையை வட்டத்துக்கு நடுவில் சரியாக வைத்து, பாலை ஊற்றினாள். பானையின் இரண்டு காதுகளையும் மடித்த துணியால் பிடித்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வீட்டுச் சனமும் சுற்றி நின்றது.

உறுமிமேளம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. மேளம் கேட்டதும் பெண்கள் குலவையிட்டார்கள், குலவை கேட்டதும் மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். அய்யாதுரை காதைக் கையால் குவித்தார், ஒன்றும் கேட்கவில்லை. பாலின் பேச்சும் கேட்கவில்லை, அது பேச்சை நிறுத்துவதும் கேட்கப்போவதில்லை. நிறுத்துங்கடா என்று கத்தினார், அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. அவர் முக்காலியிலிருந்து எழுந்தார். அவருடைய வலது கால் பதினைந்தாவது பெட்டியைத் தாண்டியது, பதினான்காவதைத் தாண்டியது, பதின்மூன்றாவதன்மேல் வந்து நின்றது.

செண்பகவல்லி அவரைப் பார்க்கவில்லை. அவள் பானையையும் பார்க்கவில்லை. நெருப்பின்மேல் இருக்கிற பானையின் காதைக் கடைசிவரை யாரும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, அதனால் எந்தச் சமையல்காரனுக்கும் தெரியாத ஒன்று அப்போது அவள் விரல்களுக்கு வந்துகொண்டிருந்தது. கொதிக்கிற பாலின் சின்ன நடுக்கம் துணி வழியாக விரல்நுனியில் ஏறியது. ஐம்பது குச்சி எப்போது ஐம்பதாகிறது என்று எண்ணாமலே தெரிகிற விரல்கள் அவை. நடுக்கம் கூடியது, இன்னும் கூடியது, திடீரென்று நின்றது. அவள் தூக்கினாள்.

தூக்கிய கையிலேயே பால் நுரைத்து எழுந்தது. அவள் தாம்பாளத்துக்கு மேலே பானையைக் கிழக்கே சாய்த்தாள், பொங்கி வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று தெரு முழுக்கக் கத்தியது. அடுப்பில் ஒரு சொட்டுப் பால் இல்லை.

அய்யாதுரை பதின்மூன்றாவது பெட்டியிலிருந்து காலை எடுத்தார். மெல்லப் பின்னால் போய் முக்காலியில் உட்கார்ந்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே" என்றார்.

"நீங்க ஏழு நாளாச் சொன்னது கையில இருந்துச்சு" என்றாள். "அரிசியக் களையவா? எவ்வளவு தண்ணி? சொல்லுங்க மாஸ்டர்."

அவர் சொன்னார், அவள் செய்தாள். அரிசி வெந்து, வெல்லம் சேர்ந்து, நெய் ஊற்றிப் பானையை இறக்கியபோது, கோயிலுக்குள் போன கடற்கரை வெளியே ஓடி வந்தார். தீபாவளிக்கு மறுநாளிலிருந்து எரியாமல் கிடந்த அம்மன் விளக்குத் திரியில் ஒரு சுடர் நின்றுகொண்டிருந்தது. வெளியூர் போன ஆள் பையைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நிற்கிற மாதிரி, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றது.

யாரும் ஓடவில்லை. மேசைமேல் விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று எல்லாரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நின்றதும் செண்பகவல்லி சுவிட்சை அணைத்தாள், அதன் பிறகுதான் தெரு நெருப்பை வரவேற்கப் போனது.

மறுநாள் காலை செண்பகவல்லி கண் விழித்தபோது சமையலறையில் கேஸ் அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது. அறையின் ஒரு மூலையில் அய்யாதுரை நெருப்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இட்லிக் கொப்பரை முன்னால் நின்றிருந்தார். மறுமூலையில் மேசைமேல் இண்டக்‌ஷன் அடுப்பு துடைத்துக் கிடந்தது, பக்கத்தில் பால் பாத்திரம் தயாராக இருந்தது.

"பால் உன் கைக்குத்தான் சொல்லுது" என்றார் அவர் திரும்பாமல். "அத நீயே பாத்துக்க."

அவள் கீழே பார்த்தாள். கோயிலுக்குப் போயிருந்த பெட்டிகளை அவரே மேசையடியிலிருந்து வரிசையாக அடுக்கியிருந்தார். பழக்கத்தில் எண்ணினாள், ஒன்று இடித்தது, மறுபடி எண்ணினாள்.

பதினாறு இருந்தது.